பொரசங்காட்டில் அறுபது மரம்

என் தம்பி தாவூதைவிட நான் ஒன்றரை வயது மூத்தவள். இதைச் சத்தியம் செய்து சொன்னாலும் செஞ்சியில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அவன் ஆறடி உயரம், அதற்கேற்ற வயிறு. நான் அவன் நெஞ்சளவுக்குத்தான் வருவேன். திண்டிவனம் ரோட்டில் இருக்கும் எங்கள் மரவாடிக்குப் புதிதாக வருகிறவர்கள், ரம்பத்துக்குப் பக்கத்தில் முக்காட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்து, "பாயோட தங்கச்சியா?" என்று கேட்பார்கள். "அக்கா, அக்கா" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. இப்போதெல்லாம் "ஆமா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறேன்.

மரம் வாங்குவதும் விற்பதும் அவன். அறுப்பது நான். ஒரு கட்டை வந்து விழுந்தால், அதை எந்தப் பக்கம் படுக்க வைத்து அறுத்தால் சட்டம் கோணாமல் வரும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. இதில் நான் தப்புப் பண்ணியதாக இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. சொன்னால் விடவும் மாட்டேன்.

எங்களுக்கு வல்லம் போகிற வழியில், மலையடிவாரத்தில், பதினோரு ஏக்கர் காடு உண்டு. சொந்தப் பட்டா. முக்கால்வாசியும் பொரசு. வெளியே தக்கை மாதிரி கரடுமுரடான பட்டை, உள்ளே மஞ்சளாகப் பளபளக்கும் மரம். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். கரையான் கிட்டே வராது. ஆனால் வளர்வதற்கு அது எடுத்துக்கொள்கிற காலம் இருக்கிறதே, அதற்கு மனுஷ ஆயுள் போதாது.

அறுபத்தைந்தாம் வருஷம் எங்கள் பாட்டனார் செங்கல் சூளைக்காக அந்தக் காட்டை ஒரே மூச்சில் மொட்டையடித்துவிட்டார். அப்போது சின்னப் பையனாக இருந்த எங்கள் அத்தா, வெறும் பாறையும் அடிக்கட்டையுமாகக் கிடந்த இடத்தைப் பார்த்து அழுதாராம். காடு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. அது அத்தாவின் கைக்கு வந்தபோது, இனி யாரும் அதை மொட்டையடிக்கக் கூடாது என்று ஒரு முறை வைத்தார். இரண்டு முழத்தில் ஒரு கயிறு. மரத்தை அந்தக் கயிற்றால் சுற்று. இரண்டு முனையும் சேர்ந்துவிட்டால் அது பிள்ளை மரம், விட்டுவிடு. சேராவிட்டால் பெரிய மரம், வெட்டலாம்.

இரண்டாயிரத்து இரண்டில் அத்தா அந்தக் கயிறோடு காட்டுக்குள் போய் நூறு மரத்துக்குமேல் வெட்டினார். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு போனவன் தாவூத். பிள்ளை மரத்தைத் தொடாத குடும்பம் என்று எங்களுக்கு நல்ல பேர். வல்லத்தில் எங்களுக்குப் போட்டியாக மரவாடி வைத்திருக்கும் பொன்னுசாமிகூட, எங்களைப் பார்த்துத் தன் காட்டுக்கும் இதே கணக்கில் கயிறு வைத்துக்கொண்டார். எங்களுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அத்தா மௌத்தாகி இரண்டு வருஷம் ஆகிறது. போன ஐப்பசியில் அறுபது மரம் வெட்டிக்கொள்ள அனுமதி கேட்டு வனத்துறைக்கு எழுதிப்போட்டோம். தை பிறந்ததும் அனுமதி வந்தது. அறுபது என்று எண்ணிக்கைதான் தாளில் இருந்தது. எந்த அறுபது என்பது எங்கள் பாடு. பங்குனி முடிவதற்குள் வெட்டிவிட வேண்டும்.

தாவூதுக்குக் காலே தரையில் பாவவில்லை. காரணம் இருந்தது. இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் நிலையும் கதவும் கொடுத்தவன், குடியிருந்தது வாடகை வீட்டில். அந்த வீட்டுக்குப் பிளைவுட் கதவு. மழைத்தண்ணீர் பட்டு அடிப்பக்கம் உரிந்து தொங்கும். மரவாடிக்காரன் வீட்டுக் கதவைப் பார் என்று சொந்தக்காரர்கள் சிரித்ததை எல்லாம் அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அப்போதுதான் காந்தி பஜாருக்குப் பின்னால் ஒரு மனை வாங்கிச் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டிருந்தான். தலைவாசல் நிலைக்கு எந்த மரம் என்பதை அவன் பத்து வருஷத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டான்.

காட்டின் மேற்கு மேட்டில் நிற்கிற பொரசு அது. இரண்டாயிரத்து இரண்டில் கயிறு ஒரு சாண் மிச்சமாக நின்றதால் தப்பித்தது. இன்று கயிறு சுற்றினால் இரண்டு முனைக்கும் நடுவே இவன் உள்ளங்கை அகலத்துக்குமேல் இடைவெளி. இருபதடிக்கு ஒரு கிளை இல்லை, ஒரு வளைவு இல்லை. அங்கே போகும்போதெல்லாம் அதைத் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வருவான்.

"வூட்டுல மாஹிரா கிட்ட சொல்லிட்டேன்க்கா. நிலை, கதவு, மேல குறுக்குச் சட்டம், எல்லாமே அந்த ஒரே மரத்துல. ஒட்டே கெடையாது."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கப் போகிறவள் நான்தான் என்று அப்போது தெரியாது.

கார்த்திகைப் புயலில் எங்கள் காட்டில் இரண்டு பொரசு சாய்ந்திருந்தது. மரம் வெட்டுகிற கலியபெருமாள் தை மாதம் அவற்றைத் துண்டாக்கி டிராக்டரில் கொண்டுவந்து மரவாடியில் போட்டார். ஒன்று நல்ல பருமன். இன்னொன்று என் தொடையளவுகூட இல்லாத நோஞ்சான். பக்கத்தில் பக்கத்தில் நின்றவை. பெரியது விழும்போது சின்னதையும் இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறது.

பெரியதன் அடிமுனையைச் சீவி, தண்ணீர் தடவி, வளையம் எப்படி ஓடுகிறது என்று பார்த்தேன். அறுக்கும் முன் எப்போதும் பார்ப்பதுதான். அது என்னவோ அன்று கை சும்மா இருக்காமல் வளையங்களை எண்ணிவிட்டேன். ஐம்பத்தொன்பது வந்தது. சரிதான், பாட்டனார் மொட்டையடித்த வருஷத்தோடு ஒத்துப்போகிறது. பிறகு அந்த நோஞ்சானை எடுத்தேன். மண்வெட்டிக் காம்புக்குத்தான் ஆகும் என்று ஓரமாகப் போட்டிருந்தது. அதையும் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தண்ணீர் தடவினேன்.

வளையம் கண்ணுக்குத் தெரியவில்லை. முடியளவு இடைவெளிகூட இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. என் வீட்டுக்காரர் நௌமான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். அவர் பையிலிருந்து லென்ஸை எடுத்துக்கொண்டு வந்து, குண்டூசியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன்.

ஐம்பத்தெட்டு.

தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்து மறுபக்கத்திலிருந்து எண்ணினேன். ஐம்பத்தொன்பது. ரம்பத்தை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரே வருஷம் மொட்டையடித்த காடு, ஒரே வருஷம்தானே முளைத்திருக்கும்? இது மூன்றாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரிய வேண்டிய சங்கதி. அறுபது வருஷமாக எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அது பிள்ளை மரமே இல்லை. பெரிய மரத்துக்கு வயதில் சமமான மரம். வெயில் கிடைக்காமலோ, பிறவியிலேயே சத்தில்லாமலோ, ஓட்டத்தில் தோற்று நிழலில் நின்றுவிட்ட மரம். கயிறு என்ன செய்தது? ஜெயித்த மரங்களைப் பார்த்துப் பார்த்து வெட்டியது. தோற்ற மரங்களை, வளரட்டும் பாவம் என்று விட்டுவைத்தது. விதை போடுவதற்கு மிஞ்சியவை அவைதான். அத்தாவின் நல்ல மனசு எங்கள் காட்டை உள்ளிருந்து அரித்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அத்தா மேல் கோபமும் வந்தது. செத்துப்போனவர் மேல் கோபப்பட்டு என்ன செய்வது என்று அதுவும் சேர்ந்து அழுகையாகிவிட்டது.

மறுநாள் காலையிலேயே கலியபெருமாளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனேன். இத்தனை வருஷம் போய் வந்த காடுதான். அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கோணல், முறுக்கல், இரண்டாகப் பிரிந்தது, பாதி பொந்து விழுந்தது. நேரான மரத்தைத் தேடித் தேடி எண்ணினால் நாற்பது தேறும். அதில் முதல் மரம், மேற்கு மேட்டில் தாவூதுடையது.

"இதுல ஒண்ணுத்தையும் தொடக்கூடாது, கலியபெருமாள். அனுமதித் தாளையே திருப்பிக் குடுத்துடலாம்" என்றேன்.

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனால் பேசுவதற்கு முன் யோசிக்கிற ஆள். அந்தப் பழக்கம் எனக்குக் கிடையாது.

"தொடாம வுட்டா மட்டும் இன்னா ஆவப் போவுது? கீழ குனிஞ்சி பாருக்கா. ஒரு கன்னு இருக்குதா?"

குனிந்து பார்த்தேன். சருகு. உண்ணிச்செடி. இரண்டு மூன்று துரிஞ்சிக் கன்று. பொரசங்கன்று ஒன்றுகூட இல்லை. மேலே கோணல் மரங்கள் எல்லாம் கைகோத்துக்கொண்டு கூரை போட்டிருந்தன. வருஷா வருஷம் மழைக்கு முளைக்கிறதுதான், வெயில் இல்லாமல் மார்கழிக்குள்ளேயே செத்துப்போகிறது என்றார் கலியபெருமாள். பிறகு என்னைப் புயலில் அந்த இரண்டு மரம் விழுந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே வானம் தெரிந்தது. வெயில் விழுந்த அந்த வட்டத்துக்குள், விரல் உயரத்துக்குப் பொரசங்கன்றுகள். நான் இருபத்தேழு எண்ணினேன். எங்கிருந்து வந்த விதை என்று கேட்க வேண்டியதே இல்லை. பொரசு விதைக்கு இறக்கை உண்டு. ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது நெற்று வெடித்துப் பறக்கும். மேற்கு மேட்டில் யார் நிற்கிறார்களோ அவர்கள் விதைதான் காடு முழுக்க விழும்.

அங்கேயே எனக்கு வழி தெரிந்துவிட்டது. வெட்ட வேண்டும், ஆனால் தலைகீழாக வெட்ட வேண்டும். நல்ல நாற்பதை நிற்க வைத்து, அவற்றைச் சுற்றியிருக்கிற கோணலில் அறுபதை எடுத்து வெயிலை இறக்க வேண்டும். நாற்பதும் விதை போட்டு, கன்று மரமாகித் தலைக்குமேல் போன பிறகு வேண்டுமானால் அந்த நாற்பதில் கை வைக்கலாம். அதற்கு இருபது வருஷம் ஆகும். அதுவரை நாங்கள் விற்கப் போவது விறகும் காம்பும் ஜன்னல் சட்டமும்தான். இதைத்தான் என் தம்பியிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

சொன்னேன். கட்டுகிற வீட்டில் செங்கலுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். முழுதாகக் கேட்டுவிட்டு, ஹோஸ் பைப்பைக் கீழே போட்டான்.

"உனக்குப் பைத்தியமாக்கா? நல்லத வெச்சிக்கினு நொண்டிய வெட்டுறதா? அத்தா கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பாரு?"

"அத்தாவுக்குத் தெரியல, தாவூத். நமக்கும் தெரியல. இப்பத் தெரிஞ்சிடுச்சி."

"ரெண்டு மரத்த எண்ணிட்டு வந்து பேசுற. அந்த ரெண்டு அப்பிடி இருந்திருக்கும். மத்ததெல்லாம் சின்ன மரம்தான். எனக்குத் தெரியாதா? நான் புடிச்ச கயிறு."

"சரி. நாளைக்கு வா. நீயே ஒரு சின்ன மரம் காட்டு. வெட்டுவோம். நீயே எண்ணு."

"வெட்டி எண்ணி, நான் சொன்னது சரின்னா?"

"கயித்த எடுத்துக்கினு நானே உன்கூட வரேன். அறுபதும் நீ சொல்றது."

அவன் ஒத்துக்கொண்டான். ரொம்பச் சந்தோஷமாக ஒத்துக்கொண்டான். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நௌமான், "நீ எண்ணினது சரியாத்தானே இருக்குது, இன்னா டென்ஷன்?" என்றார். அவர் ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவர். தம்பியிடம் ஜெயித்தால் அதற்குப் பிறகு அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பது அவருக்கு எப்படிப் புரியும்?

அடுத்த நாள் காட்டில் தாவூத் அவசரப்படவில்லை. ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனான். கடைசியில் பாறைக்குப் பக்கத்தில் மெலிசாக, கொஞ்சம் சாய்ந்து நின்ற ஒன்றைப் பிடித்தான். பட்டைகூட இன்னும் முற்றவில்லை போல இருந்தது. இது நிஜமாகவே சின்னதாக இருந்துவிட்டால்?

"இது எம் பொண்ணு இக்ரா வயசு. இருபத்திரெண்டு. மிஞ்சிப்போனா இருபத்தஞ்சி" என்றான்.

கலியபெருமாள் கணுக்கால் உயரத்தில், தண்ணீர் தேங்காதபடி கொஞ்சம் சரிவாக அறுத்தார். அப்படி அறுத்தால்தான் கட்டை அழுகாமல் துளிர்க்கும். நான் உப்புத்தாளையும் லென்ஸையும் தாவூத் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். கிட்டே நின்றால், நீ எண்ண விடவில்லை என்று சொல்லிவிடுவான்.

ஆறடி ஆள் அடிக்கட்டைக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தான். தேய்த்தான். வாட்டர் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றினான். பத்து வளையத்துக்கு ஒன்றாக வெள்வேல முள்ளை உடைத்துக் குத்திக்கொண்டே எண்ணினான். இரண்டாவது முள் குத்தும்போது என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். மூன்றாவது குத்தும்போது பார்க்கவில்லை. நான்காவதற்குக் கலியபெருமாளே முள்ளை உடைத்து நீட்டினார். ஐந்தாவதைக் குத்திவிட்டு, லென்ஸைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு வாய்விட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டான்.

முதலிலிருந்து இன்னொரு தடவை எண்ணினான். முள்ளையெல்லாம் பிடுங்கி, வேறு பக்கத்தில் குத்தி, மூன்றாவது தடவையும் எண்ணினான். என் ஆயுசிலேயே அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்தது அன்றுதான்.

"அம்பத்தேழு" என்றான் கடைசியில்.

எழுந்திருக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டான்.

"நான்தான்க்கா புடிச்சேன் கயித்த. நூத்திப் பத்து மரம். ஒவ்வொரு மரத்துக்கும் நான்தான் 'சேரல அத்தா'ன்னு சொன்னேன். ஜாலியா சொன்னேன்."

"உனக்கு அப்போ இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு வயசு. உனக்கு இன்னா தெரியும்?"

"எல்லாம் எப்பிடி நின்னுக்கினு இருந்துச்சி தெரியுமா? கம்பம் கம்பமா."

அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சின்ன வயதில் கீழே விழுந்தால்கூட அழாதவன். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவினேன். ஜெயித்ததில் எனக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை. சொன்னால் நம்புங்கள், அது ஐம்பத்தேழாக இல்லாமல் இருபத்திரண்டாகவே இருந்திருக்கலாம் என்றுகூட அந்த நிமிஷம் தோன்றியது.

கொஞ்சம் தெளிந்ததும், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்போ நோஞ்சானத்தான் மொதல்ல வெட்டணும்னு சொல்ற" என்றான்.

"ஆமா."

"வயசு மூத்ததா இருந்தாலும்?"

"ஆமா. ஏன்?"

"இல்ல, உன்னத்தான் பாத்துக்கினு இருக்கேன்."

கலியபெருமாள் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். நான் தண்ணீர் பாட்டிலால் தாவூதின் தலையில் ஒன்று போட்டேன். எங்களுக்குள் அதோடு எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் மேற்கு மேட்டு மரத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மாசி முதல் வாரத்தில் மரங்களுக்கு அடையாளம் போட ஆரம்பித்தோம். வெட்ட வேண்டியதற்குச் சிவப்புப் பெயிண்டில் ஒரு பட்டை. நான் முன்னால் போய்ச் சொல்வேன், தாவூத் பெயிண்ட் அடிப்பான், கலியபெருமாள் நம்பர் எழுதுவார். முதல் இரண்டு நாள் பெரிய ரோதனை. நேரான மரத்தைக் கண்டால் இவன் கை தானாகப் போகும். கோணல் மரத்துக்கு முன்னால் போய் நின்று, "இத வெட்டி இன்னா பண்றது? ரெண்டடிச் சட்டம்கூட வராது" என்பான். "ரெண்டடிக்கு வராதது காம்புக்கு வரும். காம்புக்கும் வராதது விறகுக்கு வரும். அடி பெயிண்ட" என்பேன். மூன்றாவது நாள் எனக்கு முன்னால் அவனே கோணலைக் கண்டுபிடித்துக் கூப்பிட ஆரம்பித்தான். "அக்கா, இந்தக் கோணப் பயலப் பாரு, எவ்ளோ வெயில மறச்சிக்கினு நிக்கிறான்."

ஒரு மரத்துக்காக ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். நேரானதுதான், ஆனால் நடுவில் பொந்து. வைக்கலாம் என்றான் அவன், வெட்டலாம் என்றேன் நான். அதில் பச்சைக்கிளி குஞ்சு பொரித்திருக்கிறது என்று கலியபெருமாள் சொன்னார். அது கட்சி மாறி நிற்கும் மரங்களோடு சேர்ந்துகொண்டது. எங்கள் முறைக்கு அது பொருந்துமா என்று கேட்டால் பொருந்தாதுதான். காடு என்ன எங்கள் மரவாடியா, எல்லாவற்றையும் அளவுச் சட்டம் வைத்துப் பார்க்க?

நான்காவது நாள் மதியம் ஐம்பத்தொன்பது ஆகிவிட்டது.

நான் ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். நாற்பது நல்ல மரத்தில் ஒன்று போனால் முப்பத்தொன்பது. அது முதல் மரம், மேல்காற்றில் நிற்கிற மரம், போனால் நஷ்டம்தான். ஆனால் என் தம்பி பத்து வருஷமாகத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த மரம். அவன் பெண்டாட்டி மாஹிரா பிளைவுட் கதவைத் துணி வைத்து அடைத்துக்கொண்டு மழைக்காலத்தை ஓட்டியவள். நான் காட்டைக் கும்பிட்டுக்கொண்டு கூடப்பிறந்தவனை விட்டுவிட முடியாது.

"அறுபதாவது நீயே போய் அடிச்சிக்கோ, தாவூத். நான் வரல. உன் வீடு, உன் ஆசை. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் இப்படிப் பேசுகிறவள் இல்லை. பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு மேற்கு மேட்டுக்கு ஏறினான். நானும் கலியபெருமாளும் கீழேயே உட்கார்ந்திருந்தோம். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார். இரண்டு பேருமே சாப்பிடவில்லை. ஒரு பட்டை அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. மேலே சத்தமே இல்லை.

"போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்றார் கலியபெருமாள்.

"வேணாம். மரத்துகிட்ட சொல்லிக்கினு நிக்கிறான்."

கடைசியில் தாவூத் சருகு மிதிபட இறங்கி வந்தான். கையில், சட்டையில், தாடியில்கூடச் சிவப்பு ஒட்டியிருந்தது. நான் அவன் முகத்தைப் பார்க்காமல் எழுந்து நடக்க ஆரம்பித்தேன்.

"அக்கா, நில்லு. நம்பர் எழுத வேணாமா?"

"நீயே எழுதிக்கோ."

"அங்க ஏறி வந்து பாரு. நீ சரின்னு சொன்னாத்தான் எழுதுவேன்."

கோபத்தோடுதான் ஏறினேன். சொல்ல மாட்டேன் என்று சொன்னவளை ஏன் இழுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும்? மேட்டில் அவன் மரம் நின்றது. அதில் பெயிண்ட் இல்லை. அதற்குப் பத்தடி கீழே, அதன் பாதிக் கிளைகளை நெருக்கிக்கொண்டு வளைந்து நின்ற ஒரு முறுக்கல் மரத்தில், சுற்றி வரச் சிவப்புப் பட்டை.

"இது சாய்ஞ்சா நம்ம ஆளுக்கு இந்தப் பக்கமும் வெயிலு வரும். நெறைய காய்க்கும். சரியாக்கா?" என்றான்.

சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன். கலியபெருமாள் வந்து அறுபது என்று எழுதினார். சிவப்புப் படிந்த கையோடு தாவூத் அந்த நல்ல மரத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கீழே இறங்கினான். வீட்டில் போய் மாஹிராவிடம் எப்படிச் சொல்லப் போகிறான் என்று கேட்டேன். "நீ வந்து சொல்லு, நீதான மூத்தவ" என்றான். மாஹிரா எட்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் எட்டு மாதம் பேசியிருக்க மாட்டேன்.

பங்குனிக்குள் அறுபதும் வெட்டினோம். வெட்டிய கிளைகளையும் வெள்வேல முள்ளையும் சுற்றிலும் போட்டு ஆடு நுழையாமல் அடைத்தோம். இந்த வருஷம் விதை நிறைய விழுந்தது. ஆடி மழைக்கே முளைக்க ஆரம்பித்துவிட்டது. தாவூத் வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஏதோ தன் பேரப்பிள்ளைகள் பல் முளைத்த கதை மாதிரி ரம்பச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்வான்.

ஆவணியில் வீடு முடிந்தது. நிலையை நான்தான் அறுத்தேன். அறுபதில் தேறிய கோணல் துண்டுகளில் நல்லதாகப் பொறுக்கி, பக்கத்துக்கு மூன்றாக, குறுக்குச் சட்டத்துக்கு இரண்டாக, மொத்தம் எட்டுத் துண்டு. ஆசாரி ஒன்றுக்குள் ஒன்று கோத்து இணைத்தார். எவ்வளவு இழைத்தாலும் ஒட்டு ஒட்டுதான்; கிட்டே போனால் தெரியும். பொரசு என்பதால் பளபளப்புக்குக் குறைவில்லை.

குடி புகுந்த அன்று ஓதி முடித்து, பிரியாணி பந்தி ஓடிக்கொண்டிருந்தது. வல்லம் பொன்னுசாமி வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, வாசலில் நின்று நிலையை மேலிருந்து கீழே தடவினார். மரவாடிக்காரன் கைக்கு ஒட்டைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

"இன்னா பாய், ஊருக்கெல்லாம் முழு மரம் குடுக்கிறே. உன் வூட்டுத் தலைவாசல்ல எட்டுத் துண்டா? நல்ல மரம் கெடைக்கலியா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

பந்தியில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் கையிலிருந்த தாளிச்சா வாளியைக் கீழே வைத்துவிட்டு, இவரைச் சும்மா விடுவதா என்று கிளம்பினேன். அதற்குள் தாவூத் சிரித்தபடி முன்னால் வந்துவிட்டான்.

"நல்ல மரம் இருக்குது, அண்ணே. காட்டுலயே நிக்கிது. வா, காட்டுறேன்."

விருந்தாளிகள் பாதி பேர் இன்னும் சாப்பிடவில்லை. வீட்டுக்காரன் புதுச் சட்டையோடு பைக்கை எடுத்து, பொன்னுசாமியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போயே போய்விட்டான். மாஹிரா என்னைப் பார்த்தாள். நான் தாளிச்சா வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.

இரண்டு பேரும் திரும்பி வரும்போது சாயங்காலத்து அஸர் தொழுகைக்கு நேரம் ஆகிவிட்டது. பொன்னுசாமியின் வெள்ளை வேட்டி முழங்கால் வரை செம்மண். அடிக்கட்டையில் வளையம் எண்ண மண்டி போட்டிருக்கிறார் என்று தெரிந்தது. வரும்போதிருந்த கிண்டல் முகத்தில் இல்லை. ஆண்கள் பக்கம் போகாமல் நேராக நான் பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தார்.

"ஏம்மா, என் காடும் இருக்குதே. எட்டு ஏக்கர். உங்க அத்தாவப் பாத்துத்தான் நானும் பெருசா பாத்துப் பாத்து வெட்டிக்கினு வந்தேன்."

"தெரியும், அண்ணே."

"இன்னும் எத்தன நல்ல மரம் மிஞ்சியிருக்குதுன்னு தெரியல. ஒரு நாள் வந்து பாக்கிறியா? எத வெக்கிறதுன்னு சொல்லு."

இருபத்தைந்து வருஷமாக ஆட்கள் என்னிடம் மரத்தைக் காட்டி, எப்படி அறுப்பது என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எதை நிற்க வைப்பது என்று ஒரு மரவாடிக்காரர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தில் பயம் இருந்தது. அந்த பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம். அதனால் அவரைத் திட்டலாம் என்று வைத்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டேன்.

"புதன்கிழமை வரேன். கலியபெருமாளையும் கூட்டியாறேன். அதுவரைக்கும் ஒண்ணுத்தையும் வெட்டிடாதீங்க" என்றேன்.